மலைநகர் வீடுகளில் வெப்பப் பாலம்: பழைய பால்கனியைச் சீரமைக்கும்போது

இமயமலைச் சரிவுகளில் உள்ள நமது நகரங்களில் சிமெண்டும் கம்பியும் கொண்டு கட்டப்பட்ட முதல் தலைமுறை வீடுகள் பழுதுபார்க்கும் பருவத்தை அடைந்துவிட்டன. சிம்லா, ஸ்ரீநகர் போன்ற நகரங்களில் உள்ள இத்தகைய வீடுகளின் முகப்பில், சுவரைத் தாண்டி மூன்று அல்லது நான்கு அடி நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் பால்கனியைக் காணலாம். பல இடங்களில் அதன் விளிம்பில் காரை உதிர்ந்து துருவேறிய கம்பி தெரிகிறது. தரை ஓடுகள் பெயர்ந்துள்ளன. கதவுச் சட்டம் உளுத்துவிட்டது. வீட்டுக்காரர் சில ஆண்டுகள் பணம் சேர்த்து, ஒரு கோடையில் வேலையைத் தொடங்குகிறார். இறுக்கமாக மூடும் புதிய கதவு, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், வெளிச்சுவருக்கு வெப்பக் காப்புப் பலகை, அதன்மேல் புதிய பூச்சு ஆகியவை செய்யப்படுகின்றன. அடுத்த குளிர்காலத்தில் அறை முன்னைவிட இதமாக இருக்கிறது. ஆனால் ஜனவரி இறுதியில், பால்கனி சுவரோடு சேரும் இடத்திற்கு நேர் உட்புறத்தில், தரை மூலையிலும் கீழ்வீட்டின் கூரை மூலையிலும் கறுப்பு நிறத்தில் பூஞ்சணம் படர்கிறது.

ஒப்பந்தக்காரர் மழைநீர்க் கசிவு என்பார். வர்ணம் பூசுபவர் சுவரின் ஈரம் என்பார். பூஞ்சணக் கொல்லி தெளித்து மீண்டும் வர்ணம் அடிக்கப்படும். மறு ஆண்டு அதே இடத்தில் அதே கறை தோன்றும். மழை பெய்யாத மாதத்தில் தோன்றி, கோடையில் உலர்ந்துவிடும் இக்கறை பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த நீரன்று. வீட்டின் உள்காற்றில் இருந்த ஈரமே அந்த மூலையின் குளிர்ச்சியில் தங்கிவிடுகிறது. அந்த மூலையைக் குளிர வைப்பது பால்கனி. கட்டடப் பொறியியலில் இதற்கு வெப்பப் பாலம் என்று பெயர்.

பாலம் அமையும் விதம்

அக்காலக் கட்டுமானத்தில் பால்கனி தனி உறுப்பன்று. அறையின் தளமாக அமைந்த அதே கான்கிரீட் பலகம் இடைவெளியின்றிச் சுவரைக் கடந்து வெளியே நீள்கிறது. பலகத்தின் மேற்பகுதியில் உள்ள கம்பிகள் அறைக்குள்ளிருந்து பால்கனியின் நுனிவரை செல்கின்றன. சுமை தாங்குவதற்கு இந்த ஏற்பாடு சிறந்ததே. ஆனால் வெப்பமும் அதே வழியில் வெளியேறுகிறது.

பொருள்களின் வெப்பம் கடத்தும் திறனை, ஒரு மீட்டர் தடிப்பின் இரு புறங்களுக்கிடையே ஒரு பாகை வேறுபாடு இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் வழியே செல்லும் வாட் கணக்கில் அளக்கின்றனர். இந்தியக் கட்டடக் கணக்கீடுகளில் வழங்கிவரும் மதிப்புகளின்படி, கம்பியிட்ட கான்கிரீட்டுக்கு இது 1.58, சுட்ட செங்கல்லுக்கு 0.81, மரத்துக்கு அதன் அடர்த்தியைப் பொறுத்து ஏறத்தாழ 0.07 முதல் 0.14 வரை, தெர்மோகோல் என்று மக்கள் அழைக்கும் பாலிஸ்டைரின் பலகைக்கு ஏறத்தாழ 0.035. கான்கிரீட்டுக்குள் இருக்கும் எஃகுக் கம்பிக்கோ சுமார் 50. மோட்டார் சைக்கிளின் என்ஜினைச் சுற்றி அடுக்கடுக்காக உலோகத் தகடுகள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பர். என்ஜினின் சூட்டைக் காற்றில் இறைப்பதே அவற்றின் பணி. மேலும் கீழும் முன்னும் குளிர்காற்று படும்படி நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிப் பலகம், வீட்டுக்கு அத்தகைய தகடாகவே அமைந்துவிடுகிறது.

இதன் அளவை ஒரு மாதிரிக் கணக்கால் உணரலாம். நான்கு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள ஓர் அறைச் சுவரை எடுத்துக்கொள்வோம். பால்கனிக் கதவு நீங்கலாக 9 சதுர மீட்டர் சுவர் எஞ்சுகிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், இருபுறமும் பூச்சு. ஒரு பாகை வேறுபாட்டுக்கு ஒரு சதுர மீட்டர் வழியே ஏறத்தாழ 2 வாட் வெளியேறும். ஆகச் சுவர் முழுவதற்கும் 18 வாட். அதன்மேல் 5 சென்டிமீட்டர் தடிப்புள்ள பாலிஸ்டைரின் பலகை ஒட்டினால் இது சதுர மீட்டருக்கு 0.52 வாட்டாகவும், சுவருக்கு 4.7 வாட்டாகவும் இறங்குகிறது. காப்புப் பலகை விற்பவர் காட்டும் கணக்கு இத்துடன் முடிந்துவிடும். ஆனால் காப்பை ஊடுருவிச் செல்லும் பால்கனிப் பலகம், அதன் நீளத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 0.9 வாட்டைத் தனியே வெளியேற்றுகிறது. நான்கு மீட்டருக்கு 3.6 வாட். எனவே உண்மையான இழப்பு 4.7 அன்று, 8.3 வாட். சுவரின் எஞ்சிய இழப்பில் நூற்றுக்கு 43 பங்கு, ஒரு சாண் தடிப்புகூட இல்லாத ஒரு பட்டையின் வழியே செல்கிறது!

சுவருக்குக் காப்பிடாத பழைய நிலையில் சுவர் முழுவதும் வெப்பத்தை இழந்துகொண்டிருந்ததால் பலகத்தின் பங்கு தனித்துத் தெரியவில்லை. சுவர் திருந்திய பின்னரே பாலம் புலப்படுகிறது.

ஈரத்தின் கணக்கு

பூஞ்சணம் வளர்வதற்குச் சுவரில் நீர்த்துளி நிற்கவேண்டும் என்பதில்லை. சுவரின் மேற்பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் பல நாட்கள் தொடர்ந்து நூற்றுக்கு 80 அளவில் இருந்தாலே போதும். காற்று குளிரும்போது அதே அளவு நீராவிக்கு அதன் ஈரப்பதம் உயர்கிறது. அறையின் நடுவில் நலமாக உள்ள காற்று, குளிர்ந்த மூலையைத் தொட்டவுடன் ஈரக்காற்றாகிவிடுவது இதனால்தான்.

வெளியே 2 பாகை, அறைக்குள் 16 பாகை என்ற ஒரு ஜனவரி இரவைக் கருதுவோம். பழைய கதவும் ஜன்னலும் இருந்தபோது இடுக்குகளின் வழியே காற்று சதா புகுந்து வெளியேறியதால், உள்காற்றின் ஈரப்பதம் 55 அளவில் இருந்தது என்று கொள்வோம். அந்நிலையில் 10.2 பாகைக்கும் கீழே குளிர்ந்த பரப்பில்தான் பூஞ்சணம் வளரும். காப்பில்லாத சுவரின் உட்பரப்பு 12.4 பாகையில் இருந்தது. மூலையும் ஒருவாறு தப்பியது. இறுக்கமான ஜன்னல்கள் வந்தபின் காற்றோட்டம் நின்று, ஈரப்பதம் 65 ஆகிறது. இப்போது ஆபத்தின் எல்லை 12.8 பாகைக்கு உயர்கிறது. காப்பிட்ட சுவர் 15 பாகையில் நலமாக உள்ளது. பால்கனி மூலையோ 11 அல்லது 12 பாகையிலேயே நிற்கிறது. எல்லைக்கு மேலிருந்த மூலை, அதே இடத்தில் நின்றபடியே எல்லைக்குக் கீழே வந்துவிட்டது. வீட்டைச் சீராக்கியதே கறைக்குக் காரணமாயிற்று என்று வீட்டுக்காரர் குறைகூறுவதில் பாதி உண்மை உண்டு.

காப்பை வெளிப்புறத்தில் வைக்காமல் அறையின் உட்புறச் சுவரில் வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். வெளிக்காப்பு பலகத்தின் சுவர்ப் பகுதியைச் சிறிதளவேனும் வெதுவெதுப்பாக வைத்திருக்கிறது. உட்காப்போ, அறையின் வெப்பம் சுவரை அடைவதையே தடுத்துவிடுவதால் மூலை மேலும் குளிர்கிறது. சாரம் கட்டும் செலவை மிச்சப்படுத்த உட்காப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதனைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

இவ்விடத்தில் அறையைச் சூடாக்கும் முறையையும் கவனிப்பது அவசியமாகிறது. விறகோ நிலக்கரியோ எரியும் புகாரி அடுப்பு, தன் புகைக்குழாய் வழியே அறையின் ஈரக்காற்றையும் இழுத்து வெளியேற்றிவந்தது. அதன் இடத்தில் குழாயற்ற எரிவாயுக் கணப்பு வந்துள்ள வீடுகள் பல. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரியும்போது ஏறத்தாழ ஒன்றரை கிலோ நீர் ஆவியாகி அறைக்குள்ளேயே தங்குகிறது. அத்துடன் இறுக்கமாக மூடிய அறையில் இத்தகைய கணப்பு கார்பன் மோனாக்சைடு நச்சுக்கும் இடமளிக்கும் என்பதால், பூஞ்சணம் ஒருபுறமிருக்க, உயிருக்கே அபாயம். இறுக்கமான ஜன்னல் போடத் திட்டமிடும் வீட்டில் குழாயற்ற கணப்புக்கு இடமில்லை என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வசிப்போருக்குச் சுவாசக் கோளாறுகளும் ஆஸ்துமா மிகுதலும் நேரும் வாய்ப்பு கூடுதலாக இருப்பதை எடுத்துரைக்கின்றன. மலைநகரக் குடும்பம் ஒன்று குளிர்காலத்தில் ஒரே அறையில் கணப்பைச் சுற்றி வாழ்கிறது. குழந்தையும் முதியவரும் உறங்கும் இடமும் அதுவே. கறை படியும் மூலையும் பெரும்பாலும் அந்த அறையிலேயே அமைகிறது.

மரத்தில் இருந்த பால்கனி

இத்தொல்லை மலைநாட்டுக்குப் பழையதன்று. இமாசலப் பிரதேசத்தின் காத் குனி வீடுகளில் தேவதாரு உத்தரங்களும் கல்லும் மாறிமாறி அடுக்கப்பட்ட சுவருக்கு மேல், மாடியைச் சுற்றி மரத்தாலான தாழ்வாரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காஷ்மீரத்தின் பழைய வீடுகளில் டப் எனப்படும் மரமாடம் தெருவைப் பார்த்து நீண்டிருக்கும். அவையும் சுவரைத் தாண்டி நீள்பவையே. ஆயினும் கான்கிரீட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும் மரத்தால் ஆனவை. அதிலும் முழுப் பலகமாக அன்றி, இடைவெளி விட்டு நிற்கும் உத்தரங்களாகச் சுவரைக் கடப்பவை. ஆகவே வெப்பப் பாலம் என்று சொல்லத்தக்க அளவுக்கு எதுவும் அமையவில்லை. (புகை, ஒழுகும் காற்று, தீ அபாயம் ஆகிய வேறு குறைகள் இருந்தன, பழமை அனைத்தும் சுகம் என்று கொள்வதற்கில்லை.)

மரம் கைவிடப்பட்டதற்கு மக்களின் விருப்பம் மட்டும் காரணமன்று. காடுகளைக் காக்கும் கட்டுப்பாடுகள் படிப்படியாக இறுகின. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை நாடெங்கும் காடுகளில் மரம் வெட்டுவதைக் கடுமையாக வரையறுத்தது. தேவதாரு மரம் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத பொருளாயிற்று. சாலை வந்ததும் சிமெண்டும் கம்பியும் வந்தன. சமவெளியில் பயின்ற மேஸ்திரியும், சமவெளிக்கு வரைந்த படமும் கூடவே வந்தன. சமவெளியில் தீங்கற்றதாக இருந்த நீண்ட பலகம், பனிபெய்யும் ஊரில் வேறு விளைவைத் தந்தது.

சமவெளியிலும் இது அறவே இல்லை என்று கூறமுடியாது. குளிர்சாதனம் இயங்கும் அறையை நோக்கி, வெயிலில் காயும் பால்கனியின் சூடு எதிர்த்திசையில் பாய்கிறது. ஆயினும் அங்கு உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு குறைவாதலால், கூரையையும் ஜன்னலையும் சீர்செய்த பின்னர் கவனிக்கத்தக்க விஷயமாகவே அது இருக்கும்.

வேலைக்கு முன் சோதனை

பால்கனி பாலமாக உள்ளதா என்பதை அறியப் பெருஞ்செலவு தேவையில்லை. கடுங்குளிர்க் காலையில், சூரியன் படுவதற்கு முன், அறைச் சுவரின் நடுப்பகுதியையும் மூலையையும் சாதாரண அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து ஒப்பிடலாம். மூன்று, நான்கு பாகை வேறுபாடு இருந்தால் ஐயமில்லை. பனி பெய்த நாளில் பால்கனியின் மேல் சுவரோரமாக ஒரு பட்டை மட்டும் முதலில் உருகுவதும் ஒரு சான்று. அறையில் ஈரப்பதமானி ஒன்றை ஒருவாரம் வைத்து, காலையும் இரவும் குறித்துக்கொள்வது நல்லது.

இதனினும் முக்கியமானது பலகத்தின் உறுதி. கம்பி துருவேறி வீங்கிய பலகத்தைக் காப்புப் பலகையால் போர்த்தி மறைத்துவிடுவது, புண்ணை ஆற்றாமல் கட்டுப்போடுவதற்கு ஒப்பாகும். நீட்டிய பலகத்தில் இழுவிசை மேற்புறத்தில் நிகழ்வதால் கம்பி மேற்புறத்தில் இருக்கவேண்டும்; வார்க்கும்போது மிதிபட்டுக் கீழிறங்கிய கம்பிகளால் விழுந்த பால்கனிகள் உண்டு. ஆகவே எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் செலவு தகுதியுள்ள கட்டமைப்புப் பொறியாளர் ஒருவருக்கே உரியது.

நான்கு வழிகள்

முழுமையான தீர்வு, பலகத்தைச் சுவரோடு அறுத்து நீக்கிவிட்டு, வீட்டுக்கு வெளியே தன் கால்களிலேயே நிற்கும் தனி பால்கனியை அமைப்பது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கட்டப்பட்ட ஜெர்மானிய வீடுகளில் இம்முறை கையாளப்படுகிறது. அறுத்த விளிம்பின்மேல் சுவர்க்காப்பு தடையின்றி ஓடும். புதிய பால்கனி ஓரிரு துருப்பிடிக்காத எஃகு இணைப்புகளால் மட்டும் வீட்டோடு பிணைக்கப்படும். துருப்பிடிக்காத எஃகு சாதாரண எஃகில் மூன்றில் ஒரு பங்கு அளவே வெப்பத்தைக் கடத்துகிறது. கொள்கையளவில் இதற்கு நிகரில்லை. ஆனால் நமது மலைச்சரிவுகளில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. வெளியே நீண்ட பகுதியின் எடை, உள்ளே உள்ள பலகத்தின் நடுப்பகுதி தொய்வதை ஓரளவு தடுத்துக்கொண்டிருந்தது; அதனை அறுத்தபின் உட்பலகம் தாங்குமா என்பது முதலாவது. சரிவான மண்ணில், நிலநடுக்க அபாயம் மிகுந்த வட்டாரத்தில், புதிய கால்களுக்கு உறுதியான அடித்தளம் கிடைக்குமா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் உடன்பாடான விடை கிடைத்து, உள்ளாட்சியின் அனுமதியும் பெற்றாலன்றி இதில் இறங்கலாகாது. பால்கனி எப்படியும் இடிக்கவேண்டிய நிலையில் இருந்தால் மட்டுமே இது பொருந்தும்.

புதிதாக வார்க்கும் பால்கனிக்கு வேறொரு வசதி உண்டு. உட்பலகத்துக்கும் வெளிப்பலகத்துக்கும் நடுவே காப்புப் பொருளும் துருப்பிடிக்காத கம்பிகளும் கொண்ட இணைப்புக் கட்டையை வைத்து வார்க்கும் முறை 1980களில் ஜெர்மனியில் பரவியது. பழைய பலகத்துக்குள் அதனைப் புகுத்த இயலாது.

நடைமுறையில் பெரும்பாலோருக்கு ஏற்ற வழி, பலகத்தை மேலும் கீழும் முன்விளிம்பிலும் பக்கங்களிலும் காப்பால் போர்த்துவது. ஐந்து சென்டிமீட்டர் தடிப்பில் முழுமையாகப் போர்த்தினால் பாலத்தின் வழியே நிகழும் இழப்பு ஏறத்தாழப் பாதியாகும், முற்றிலும் மறையாது. ஆயினும் மூலையின் வெப்பநிலை பூஞ்சண எல்லையைத் தாண்டுவதற்கு அதுவே பெரும்பாலும் போதும். அடிப்புறத்தை மட்டும் போர்த்திவிட்டு மேற்புறத்தை விட்டுவிடுவது பாதிவேலை கூட ஆகாது.

மேற்புறத்தில்தான் தொல்லை. நடமாட்டத்தைத் தாங்கும் அடர்ந்த எக்ஸ்ட்ரூடட் பாலிஸ்டைரின் பலகை 4 சென்டிமீட்டர், நீர்த்தடுப்புப் படலம், அதன்மேல் காரை, ஓடு என்று அடுக்கினால் தரை 9 அல்லது 10 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். அறைத்தரையைவிடப் பால்கனித் தரை உயர்ந்தால் மழையும் உருகிய பனியும் வீட்டுக்குள் வரும். எனவே கதவை மாற்றும் அதே வேலையில் வாசற்படியையும் உயர்த்திக் கட்டவேண்டும். கதவைச் சென்ற ஆண்டே மாற்றிவிட்டவருக்கு இவ்வழி அடைபட்டுப் போகிறது. அவர் பழைய ஓடுகளையும் காரையையும் செதுக்கி எடுத்து, மெல்லிய காப்பும் நீர்த்தடுப்பும் இட்டு, அதன்மேல் ஒட்டாமல் பரப்பிய மரச்சட்டத் தரை அமைத்து ஒருவாறு சமாளிக்கலாம். எவ்வாறாயினும் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத வெளிச்சரிவும், அடிவிளிம்பில் நீர் சொட்டுவதற்கான பள்ளமும் இன்றியமையாதவை. நனைந்த காப்பு காப்பன்று.

மூன்றாவது வழி பால்கனியைக் கண்ணாடியால் அடைப்பது. தெற்கு நோக்கிய பால்கனியாயின் இது சிறப்பாகவே பயன்படும். ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரில், தெற்குப் பக்கம் கண்ணாடியிட்ட அறை பகல் வெயிலைப் பிடித்து வீட்டுக்கு அனுப்புவதை எங்கும் காணலாம். பலகத்தைச் சுற்றியுள்ள காற்றே வெதுவெதுப்பாவதால் பாலத்தின் வீரியம் தணிகிறது. வடக்கு நோக்கிய பால்கனிக்கு இந்தப் பயன் மிகக் குறைவு. கண்ணாடியின் எடையைப் பலகத்தின் நுனி தாங்குமா என்பதையும் கணக்கிட வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய தவறு, அடைத்தபின் இடைக்கதவையும் சுவரையும் அகற்றிப் பால்கனியை அறையோடு சேர்த்துக்கொள்வது. ஓர் அடி இடம் கூடுதலாகக் கிடைப்பது எல்லோருக்கும் விருப்பமானதே. ஆனால் மேலும் கீழும் குளிர்காற்று படும் பலகம் அப்போது வாழுமறையின் தரையாகிவிடுகிறது. முன்பு மூலையில் இருந்த கறை தரை முழுவதற்கும் வரும். கண்ணாடி அறை இரவில் குளிரட்டும், இடைக்கதவு மூடியிருக்கட்டும்.

இம்மூன்றுக்கும் வழியில்லாத வாடகைக் குடியிருப்புகளில், உட்புறத்தில் கூரையும் சுவரும் சேரும் மூலையை ஒட்டி அரை மீட்டர் அகலத்துக்கு மெல்லிய காப்புப் பட்டையை இடைவெளியின்றி ஒட்டி, மூலையின் மேற்பரப்பை வெதுவெதுப்பாக வைக்கலாம். பட்டைக்குப் பின்னால் அறைக்காற்று புகுந்தால் அங்கேயே பூஞ்சணம் மறைந்து வளரும் என்பதால் ஒட்டும் வேலையில் கவனம் தேவை. இது வெப்ப இழப்பைத் தடுக்கும் வழியன்று. கறையைத் தடுக்கும் வழி மட்டுமே.

செலவும் பயனும்

எரிபொருள் சிக்கனம் ஒன்றையே கருதினால் பால்கனியைப் போர்த்துவது லாபகரமானது என்று நிறுவுவது கடினம். மேலே கண்ட மாதிரி அறையில், 14 பாகை வேறுபாட்டில், பலகத்தின் வழியே சுமார் 50 வாட் வெளியேறுகிறது. நாள் முழுதும் சூடாக்கப்படும் வீட்டில் 120 நாள் குளிர்காலத்துக்கு இது ஏறத்தாழ 145 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆனால் நமது வீடுகளில் மாலையும் இரவுமாக ஆறு மணி நேரம் கணப்பு எரிந்தாலே அதிகம். அக்கணக்கில் 36 யூனிட்தான். போர்த்தினால் மிச்சமாவது இதில் பாதி. சாரம், காப்பு, நீர்த்தடுப்பு, ஓடு ஆகிய செலவை இந்தச் சேமிப்பால் ஈடுகட்டப் பல தலைமுறைகள் ஆகும்.

ஆகவே கேள்வியை வேறுவிதமாக எழுப்பவேண்டும். ஓடு பெயர்ந்து, காரை உதிர்ந்து, நீர்த்தடுப்பு செத்துப்போன பால்கனிக்குச் சாரமும் கூலியும் எப்படியும் செலவாகப் போகின்றன. அவ்வேலையோடு காப்பையும் சேர்ப்பதற்கு ஆகும் கூடுதல் செலவு எவ்வளவு என்பதே சரியான ஒப்பீடு. அந்தக் கூடுதலுக்கு எதிராக வைக்கவேண்டியது மின்கட்டணம் மட்டுமன்று. ஆண்டுதோறும் வர்ணம், மருத்துவச் செலவு, சுவர்க்காப்புக்கு ஏற்கெனவே போட்ட முதலின் பயனில் ஒரு பகுதி வீணாதல் ஆகியவையும் சேர்த்தே வைக்கவேண்டும். நல்ல நிலையில் உள்ள பால்கனியை இதற்காகவே உடைப்பது வேண்டாத செலவு. உடைந்த பால்கனியைக் காப்பின்றி மீண்டும் பூசுவதும் அவ்வாறே.

இக்கூடுதல் வேலை பெரும்பாலும் நடைபெறாததற்குப் பணமின்மை மட்டும் காரணமன்று, அளவுமுறையும் ஒரு காரணம். சுவர்க்காப்பு சதுர மீட்டர் கணக்கில் மதிப்பிடப்பட்டு, சதுர மீட்டர் கணக்கில் பணம் வழங்கப்படுகிறது. பலக விளிம்போ நீள மீட்டரில் ஓடுவது. மதிப்பீட்டில் அதற்கென ஒரு வரி இல்லையேல் ஒப்பந்தக்காரர் அதனைத் தொடுவதில்லை. தொட்டாலும் அளவுப் புத்தகத்தில் ஏற்ற இடமில்லை. விதிமுறைகளும் இதே நோக்கில் அமைந்துள்ளன. 2018 டிசம்பரில் வெளியான எகோ நிவாஸ் சம்ஹிதா என்னும் குடியிருப்புக் கட்டட எரிசக்தி நெறிமுறை, குளிர்ப் பகுதிகளில் கூரை நீங்கலான வெளியுறையின் வெப்பக் கடத்துகை சதுர மீட்டருக்கு 1.8 வாட்டுக்கு மிகலாகாது என்று வரையறுத்தது. மேலே கண்ட சாதாரணச் செங்கல் சுவரே 2 வாட் என்பதால் இது பயனுள்ள வரம்புதான். எனினும் அதன் சூத்திரம் சுவர், ஜன்னல், கதவு ஆகியவற்றின் பரப்பளவைக் கொண்டு சராசரி காண்பது. விளிம்புகளின் வழியே நிகழும் இழப்புக்கு அதில் தனி உறுப்பு இல்லை. அன்றியும் அது 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளில் எழும் கட்டடங்களை முன்னிட்டு வகுக்கப்பட்டது. பழைய வீட்டின் பால்கனியைப் பழுதுபார்ப்பவரை எட்டவில்லை. குளிர் மாநிலங்களில் அரசுக் குடியிருப்புகளின் பராமரிப்பு மதிப்பீட்டில் ‘பால்கனிப் பலக விளிம்புக்குக் காப்பு, நீள மீட்டருக்கு’ என்று ஒரு வரி சேர்க்கப்பட்டாலே, மேஸ்திரிகள் அவ்வேலையைக் கற்றுக்கொள்வர். தனியார் வீடுகளுக்கும் அது பரவும்.

வேலையின் வரிசை

மலைநகரங்களில் சிமெண்ட் வேலைக்குப் பொருத்தமான மாதங்கள் குறைவு. வெப்பநிலை 5 பாகைக்குக் கீழே இறங்கும் நாட்களில் காரை இறுகாது. பருவமழையில் பலகம் உலராது. ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரையிலும், மழை ஓய்ந்தபின் அக்டோபர் வரையிலும் கிடைக்கும் இடைவெளியே சிம்லா போன்ற ஊர்களுக்கு உரியது.

அந்த இடைவெளிக்குள், முதலில் பழைய ஓடும் காரையும் நீக்கப்பட்டு, துருவேறிய கம்பிகள் சுத்தம் செய்யப்பட்டுக் கான்கிரீட் பழுது தீர்க்கப்படும். பலகம் உலர்வதற்கு இரு வாரமேனும் விடவேண்டும். பின்னர் கதவுச் சட்டமும் உயர்த்திய வாசற்படியும். அதன் பிறகு சுவர்க்காப்பும் பலகக் காப்பும் ஒரே வேலையாக, இரண்டுக்கும் நடுவே விரற்கடை இடைவெளியும் இல்லாதபடி ஒட்டப்படும். புகைக்குழாய் கடக்கும் இடத்தைச் சுற்றி எரியக்கூடிய பாலிஸ்டைரினுக்குப் பதிலாக ராக் வூல் பலகையை வைக்கவேண்டும். நீர்த்தடுப்புப் படலத்தைச் சுவரின்மேல் ஒரு சாண் உயரத்துக்காவது மடித்தேற்றி, ஓடு பதிப்பதற்கு முன் இரண்டு நாள் நீர் தேக்கிச் சோதிக்கவேண்டும். இரும்புக் கைப்பிடியின் கால்களைப் பலகத்தின் மேற்புறத்தில் துளையிட்டு நடாமல், முன்விளிம்பில் கெட்டி மரக்கட்டையையோ கடினப் பிளாஸ்டிக் கட்டையையோ இடையில் கொடுத்து நீண்ட போல்ட்டுகளால் முடுக்கவேண்டும். இல்லையேல் ஒவ்வொரு காலும் காப்பைத் துளைத்து, நீருக்கும் குளிருக்கும் தனித்தனி வழியாகிவிடும். இக்கட்டைகளைக் காப்பு ஒட்டுவதற்கு முன்பே உரிய இடங்களில் பொருத்திவிட வேண்டுமாதலால், கைப்பிடி செய்யும் கொல்லரை வேலையின் முதல் வாரத்திலேயே அழைத்து அளவெடுக்கச் செய்வது நல்லது.